ரோஸ் நிறக் குளியலறையை உடைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. குளியலறை 30, 35 வருடத்துக்கு முந்தைய கோலத்தில் அப்படியே இருக்கிறது. ரோஸ் நிறக் கம்மோடு, அதே ரோஸில் வாஷ்பேசின், சுவர் முழுக்கப் பழுப்புப் பூப்போட்ட சின்னச் சின்ன டைல்ஸ். எதுவும் உடையவில்லை, எதுவும் ஒழுகவில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். ஒரு கான்ட்ராக்டர், "மொத்தமாக உடைத்தால்தான் சரிவரும்" என்கிறார். இன்னொருவர், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி மூன்றே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரையும் கொஞ்ச நாள் வாசல் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: "எதுவும் ஒழுகவில்லை." இதைச் சோதித்துப் பார்த்து எழுதினீர்களா, கண்ணில் படவில்லை என்பதால் எழுதினீர்களா? வந்த இரண்டு பேரில் ஒருவராவது சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்தாரா, குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் நின்றாரா? வாசற்படியில் நின்றபடி டைல்ஸை ஒரு பார்வை பார்த்து, கைபேசியில் நீள அகலத்தைத் தட்டி, தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இது மட்டும் மாறவே இல்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மேல்நாடுகளில் 1950-களில் ரோஸ் குளியலறைதான் பெருமை. 1970-களில் அவகாடோ பச்சை வந்தது. அப்புறம் எல்லோரும் வெள்ளைக்குத் திரும்பினார்கள். இன்று எல்லா வீட்டிலும் ஒட்டுகிற சாம்பல் நிறத்துக்கும் ஒரு நாள் சிரிப்பு காத்திருக்கிறது. உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள், அது நியாயமான காரணம். ஆனால் பிடிக்காத நிறத்துக்காகச் சுத்தியலை எடுக்க வேண்டுமா என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

டைல்ஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டைல்ஸ் தடுக்கும், டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்ட் கிரவுட் தடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது அதற்கு அடியில், தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் பூசப்பட்டிருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. உங்கள் வீட்டில் அது இத்தனை வருடமாக வேலை செய்திருக்கிறது. டைல்ஸை உடைத்தால் அதுவும் சேர்ந்து போகும். புதிதாகப் பூசுகிறவர் அதே பொறுமையோடு பூசுவாரா? ஒழுகாத குளியலறையை உடைத்து, ஒழுகும் குளியலறையை விலைகொடுத்து வாங்கியவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆகவே முதலில் சில சோதனைகள். எதற்கும் ஆள் கூப்பிட வேண்டாம்.

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அரைமணி கழித்தும் முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயத்தைக் கரைத்துவிட்டு 20 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கம்மோடில் சாயம் தெரிந்தால் டேங்கின் அடிவால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. டொக்கு டொக்கென்றால் பின்னால் பிடிமானம் விட்டிருக்கிறது. சுவரின் மறுபக்கத்தில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகத் தரை. தண்ணீர் போகும் துவாரத்தை இறுக்கமாக அடைத்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். கிண்ணத்தில் குறைந்தது ஆவியானது. தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் மிச்சம் கீழே போயிருக்கிறது. உங்களுக்குக் கீழே வேறொரு வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சோதனை சண்டையில் முடியும்.

இதிலெல்லாம் தேறிவிட்டால் உடைக்காதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டின் வயதில் அதற்கான வாய்ப்பு அதிகம்.

சுவருக்குள் ஓடுவது இரும்புக் குழாயா? துத்தநாகம் பூசிய இரும்பு, ஜி.ஐ. பைப் என்பார்கள். அந்தத் துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் உட்புறம் துருப்பிடிக்கும். துரு உதிர்ந்தால்கூடப் பரவாயில்லை, உள்ளேயே படிந்து படிந்து வழியை அடைக்கும். வெளியே பார்த்தால் அரை அங்குலக் குழாய். வெட்டிப் பார்த்தால் பென்சில் நுழைய இடமிருக்காது. வெந்நீர்க் குழாய் இன்னும் சீக்கிரம் அடைபடும். கண்டுபிடிப்பது சுலபம். குழாய் வெளியே தெரியும் இடத்தில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, செம்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. காலையில் வரும் முதல் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். முதலில் செம்பழுப்பாக வந்து சற்று நேரத்தில் தெளிந்தால் துரு உங்கள் குழாயில் இருக்கிறது. தெளியாமலே வந்தால் மொட்டைமாடி டாங்கையோ வரும் வழியையோ பார்க்க வேண்டும். அடுத்து, குழாயின் நுனியில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிவிட்டு, ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். குளிர்நீருக்கு ஒரு தடவை, வெந்நீருக்கு ஒரு தடவை, சமையலறைக் குழாயில் ஒரு தடவை. எங்குமே மெதுவாக வந்தால் டாங்க் உயரம் போதாமல் இருக்கலாம். குளியலறையில் மட்டும், அதுவும் வெந்நீர் மட்டும் நூலாக வந்தால் பெரும்பாலும் துருதான்.

அப்படியானால் டைல்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவரைத் திறக்கத்தான் வேண்டும். "இந்த ஒரு இணைப்பை மட்டும் மாற்றிவிடலாம்" என்று பிளம்பர் சொன்னால் கேட்காதீர்கள். பழைய மரையில் ஸ்பேனர் போட்டதும் அடுத்த இணைப்பு ஆடும், அதைத் தொட்டால் அதற்கடுத்தது. இரும்பில் செம்பை நேராகச் சேர்த்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். இன்னொரு விஷயம் பிளம்பர்களுக்கே தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை: பழைய வீடுகளில் சில இடங்களில் மின்சார எர்த் கம்பியை இந்த இரும்புக் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும். வெந்நீர் ஹீட்டர் உள்ள அறையில் இது உயிர்ப் பிரச்சினை. குழாயை மாற்றுமுன் எலெக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்தைப் பார்த்தே ஆக வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லையென்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலாவது இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள்.

இனி மூன்று நாள்காரருக்கு வருவோம். டைல்ஸ் மேல் டைல்ஸ் என்பது தரைக்குக் கூடவே கூடாது. பசையும் டைல்ஸுமாக ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். கதவு இடிக்கும், அடியில் சீவுவார்கள். வாசற்படியின் உயரம் கரைந்து, குளித்த தண்ணீர் அறைக்குள் வரும். வடிகால் துவாரம் பள்ளத்தில் போய்விடும். பழைய தரையின் வாட்டம் சரியில்லையென்றால் அந்தக் கோணலும் அப்படியே மேலே வரும். மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் சரிவு துவாரத்தை நோக்கி இருக்க வேண்டும். மேலே ஒட்டுகிறவர் இதை அளந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவரில் வேண்டுமானால் செய்யலாம். அதற்கு உள்ளே இருக்கும் டைல்ஸ் எல்லாம் கணீரென்று ஒலிக்க வேண்டும், வழுவழுப்பான மேற்பரப்புக்கென்று உள்ள பிரைமரும் பசையும் வேண்டும். டொக்கு டைல்ஸ் மேல் ஒட்டினால் இரண்டு அடுக்கும் சேர்ந்து விழும்.

எந்த வழியில் போனாலும், டைல்ஸை யார் தேர்ந்தெடுக்கிறார் என்று கவனியுங்கள். "எனக்குத் தெரிந்த ஷோரூம் இருக்கிறது, நானே அழைத்துப் போகிறேன்" என்று கான்ட்ராக்டரோ அலங்கார நிபுணரோ சொன்னால், பல இடங்களில் பில்லில் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். கம்ப்யூட்டரில் இலவசமாக வரைந்து காட்டும் படத்துக்கும் அந்தப் பில்லில்தான் கூலி. அதில் குளியலறை அரண்மனை மாதிரி இருக்கும், வாட்டம் மட்டும் தெரியாது. தனியாகப் போங்கள். பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு 9 முதல் 13 வரை ஒரு எண் இருக்கும், வழுக்காத தன்மையைக் குறிப்பது. அது எப்படி அளக்கப்படுகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தரைக்கு 10-க்குக் கீழே வாங்காதீர்கள், கண்ணாடி மாதிரி மின்னுவதை வாங்கவே வாங்காதீர்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கட்டும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, மிஞ்சும் பெட்டியைப் பரணில் போடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அந்த மாடலே நின்றுபோயிருக்கும்.

சுவருக்குள் புதைக்கும் ஷவர் டைவர்ட்டர், அதாவது தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் கருவி, அதைவிட மோசம். உள்ளே போகும் பாகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறு. பத்து வருடத்தில் உள்ளே ஒரு சின்னப் பாகம் தேய்ந்தால் சுவரை உடைக்க வைக்கிறார்கள். இதையெல்லாம் ஒரே அளவாக்க யாருக்கும் மனசு வரவில்லை. வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும், வெளியே தெரியும் சாதாரண மிக்ஸர் குழாயே போதும்.

நீர்த்தடுப்புக்கு "பத்து வருட உத்தரவாதம்" என்று தாள் நீட்டுவார்கள். அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். நான் படித்த தாள்களில் பெரும்பாலானவை டப்பாவில் இருக்கும் பொருளுக்குத்தான் பொறுப்பேற்கின்றன. மறுபடி உடைத்து, மறுபடி ஒட்டும் செலவு உங்கள் தலையில். தாளை நம்பாமல், பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், மேலே சொன்ன 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். குழாய்களையும் சுவரை மூடுமுன் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மேஸ்திரி அவசரப்பட்டு முதலில் டைல்ஸை ஒட்டிவிட்டு, மறுநாள் அழுத்தம் ஏற்றினார். புத்தம்புது சுவரில் நான்கு இடத்தில் துளை போட்டுக் கசிவைத் தேடினோம். முன்பணத்தோடு, இந்த இரண்டு சோதனையும் முடிந்த பிறகு ஒரு தவணை, கடைசியில் ஒரு தவணை என்று எழுதி வாங்குங்கள். இடிபாட்டை அள்ளிப் போடும் கூலியும் அதே தாளில் இருக்க வேண்டும். "அது தனி" என்று பிறகு வருவார்கள்.

உடைக்காமல் என்ன செய்யலாம்? பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டால் பாதி வயது குறையும். சிமெண்டுக்குப் பதில் பிசினில் செய்த எபாக்சி கிரவுட் எளிதில் கறை பிடிக்காது, ஆனால் கை தேர்ந்தவர் போட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரவுட் வேண்டாம், அங்கே ரப்பர் மாதிரி நெகிழும் சிலிக்கோன் பசை. பழைய சிலிக்கோன் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது. முழுதாக எடுத்து, காயவைத்து, பூசியபின் ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். கூரைக்கு ஈரம் தாங்கும் பெயிண்ட், நல்ல விளக்கு, பெரிய கண்ணாடி, புதிய குழாய்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் மற்றதற்கு முன் அதை மாட்டுங்கள். டைல்ஸ் மேல் அடிக்கும் பெயிண்டைத் தண்ணீர் நேராக விழும் இடத்தில் அடிக்காதீர்கள், உரியும். சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும்.

கம்மோடு, வாஷ்பேசினை மாற்ற ஆசையென்றால் இரண்டையும் சேர்த்து வெள்ளைக்கு மாற்றுங்கள். அந்த ரோஸில் தனியாக ஒன்று தேடினால் கிடைப்பது அரிது. பழைய கம்மோடுகள் ஒரு ஃப்ளஷுக்கு 13 லிட்டர்கூட எடுக்கும், இப்போதையவை முழு ஃப்ளஷுக்கு 6 லிட்டர், அரை ஃப்ளஷுக்கு 3 லிட்டர். ஆனால் பழைய கம்மோடுக்குப் புதிய சின்ன டேங்கை மட்டும் மாட்டாதீர்கள், அடித்துக்கொண்டு போகாது. வாங்கப் போகுமுன் சுவரிலிருந்து கழிவுத் துவாரத்தின் நடு வரைக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் வாங்கி வந்து, பொருந்தவில்லை என்று தரையை உடைத்தவர்கள் உண்டு.

காந்தத்தையும் வாளியையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வெந்நீருக்கு எத்தனை நிமிடம், குளிர்நீருக்கு எத்தனை நிமிடம் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.