சேலத்தில் கத்தோலிக்கப் பங்கு வாழ்க்கை எப்படி இருக்கும்? ஞாயிறு பூசைக்குப் போய்வந்தால் போதுமா?

பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டம். கேள்வி கேட்ட சகோதரி தூத்துக்குடியில் வளர்ந்தவர். கணவருக்கு வேலை மாற்றலாகி, இரண்டு பிள்ளைகளோடு சேலம் வருகிறாராம். "எங்க ஊர்ல தெருவே பங்குதான். சேலத்துல நம்ம ஆளுங்க கம்மின்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பூசையோட முடிஞ்சிடுமா, பிள்ளைங்க எப்படி ஒட்டுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் சூரமங்கலம் பக்கம் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகும் இதே ஊரில் இருப்பவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். உங்கள் கடற்கரைக்கு மறைபரப்பாளர் புனித சவேரியார் 1542-லேயே வந்துவிட்டார். அங்கே ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். பனிமய மாதா திருவிழா என்றால் ஊருக்கே திருவிழா. இங்கே கதை வேறு. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். அதற்குப் பிறகு விசுவாசம் இந்த ஊரில் குடும்பம் குடும்பமாகத்தான் வேர் பிடித்தது. ஓர் ஆயரின் கீழ் பல பங்குகள் சேர்ந்த சேலம் மறைமாவட்டம் உருவானதே 1930-இல்தான். 1997-இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்கள் எங்கள் எல்லை. இப்படி வளர்ந்த ஊர் என்பதால் ஒரு தெருவில் நம்மவர் வீடு ஒன்றோ இரண்டோ இருக்கும், பல தெருக்களில் அதுவும் இருக்காது. சாயங்காலம் மணி அடித்ததும் தெருவே எழுந்து கோயிலுக்குப் போகும் காட்சியை இங்கே தேடாதீர்கள்.

ஆனால் அப்படிச் சிதறி இருப்பதனால்தான் இங்கே வாரத்தின் மற்ற நாட்களுக்கு அவ்வளவு மதிப்பு. ஞாயிறு பூசைக்கு மட்டும் வந்து போனால், பத்து வருடம் ஆனாலும் பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் பெயர் தெரியாது. வேறு ஒரு நாள் சேர்த்து வந்தால் ஆறே மாதத்தில் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டில் தெரிந்துவிடும்.

ஞாயிறு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. வாசகம், மறையுரை, காணிக்கைப் பாடல் எல்லாம் அங்கே போலவேதான். சனிக்கிழமை சாயங்காலப் பூசையை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் நிறையப் பேர் ரயில்வே, உருக்காலை, ஜவுளிக்கடை, வெள்ளிப்பட்டறை என்று வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட்காரருக்கு ஞாயிறும் வேலை நாள். கடையில் நிற்கும் பெண்களுக்கு ஞாயிறுதான் கூட்டம் அதிகம். சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குச் சேரும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பூசையில் சீருடையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நற்கருணை வாங்கிவிட்டு நேரே நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் அண்ணன்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வரும்.

செவ்வாய் என்றால் அந்தோணியார். ஏன் செவ்வாய் என்று எங்கள் மறைக்கல்வி ஆசிரியை சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது: அவர் 1231 ஜூன் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறந்தார், அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். இங்கே அந்தோணியார் நவநாள் செபத்தில் பாதிப் பேர் நம் சபையைச் சேர்ந்தவர்களாகவே இருக்க மாட்டார்கள். பூ, மெழுகுவர்த்தி, உப்பு, மிளகு எல்லாம் கொண்டு வருவார்கள். பொருள் தொலைந்தவர், கல்யாணம் தள்ளிப்போகிறவர், வழக்கில் மாட்டியவர் என்று பலர். கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும் அதே அம்மாதான் செவ்வாய்க்கிழமை இங்கே முழங்காலில் நிற்பார். உங்கள் பக்கத்து வீட்டு இந்துச் சகோதரி உங்களை முதன்முதலாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

புதன் சகாய மாதா நவநாள். மன்றாட்டுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவோம், நன்றிச் சீட்டும் உண்டு. இரண்டையும் வாசிப்பார்கள். பெயர் இருக்காது. "மகனுக்கு வேலை கிடைத்தது", "மூன்றாவது முறையாகக் கரு தங்கியிருக்கிறது, காப்பாற்று தாயே" என்று ஒவ்வொன்றாக மைக்கில் வரும்போது கோயிலே சேர்ந்து மூச்சை இழுக்கும். அப்புறம் வெளியே வந்து, வழியில் தட்டுவடை செட் சாப்பிடாமல் பிள்ளைகள் வீட்டுக்கு வரமாட்டார்கள். அதுவும் எங்கள் புதன்கிழமையில் சேர்ந்ததுதான்.

வார நாட்களில் அதிகாலைப் பூசைக்கு வருவது கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் வயதானவர்கள், சிஸ்டர்கள், இறந்தவர் பெயருக்கோ வேறு தேவைக்கோ பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பூசைக் கருத்து கொடுத்த குடும்பம். என் அப்பாவின் நினைவு நாளுக்குக் கொடுக்கும்போது ஞாயிறைக் கேட்க மாட்டேன், வார நாளையே கேட்பேன். காலிப் பெஞ்சுகளுக்கு நடுவில் சாமி, அதாவது பங்குத்தந்தை, அந்தப் பெயரை நிதானமாகச் சொல்வார். அப்பா பெயர் அப்படி ஒலிப்பது எனக்கு வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்பியம்.

ஒரு பகுதியில் இருக்கும் நம் குடும்பங்கள் செபிக்கவும் ஒருவருக்கொருவர் உதவவும் கூடும் சின்னக் குழு அது. உங்கள் ஊரிலும் அன்பியம் இருக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடுவது வேறு, நாலைந்து தெரு தள்ளி இருப்பவர்கள் தேடி வந்து கூடுவது வேறு. எங்கள் அன்பியம் வெள்ளிக்கிழமை இரவு, ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டில். ஹாலில் இருக்கும் சாமானை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம், முழங்கால் வலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டூலில் வெள்ளைத் துணி, மாதா சுரூபம், மெழுகுவர்த்தி, திறந்த பைபிள். ஏழு படி முறையில் நற்செய்தியைத் தியானிப்போம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியா முழுக்கப் பரவிய முறை இது. ஆண்டவரை அழைத்து, பகுதியை வாசித்து, மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் மூன்று தடவை உரக்கச் சொல்லி, பிறகு மௌனமாக இருந்து, அதன் பின் பகிர்ந்துகொள்வது.

அந்த மூன்றாவது படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அன்பியத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருக்கிறார். மற்றவர்கள் பைபிளில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணை மூடிக் கேட்பார். புயலை அடக்கும் பகுதி வாசித்த அன்று எல்லோரும் "அஞ்சாதீர்கள்", "நம்பிக்கை" என்று எடுத்தோம். பாட்டி "தலையணை" என்றார். மறுபடி "தலையணை". மூன்றாவது தடவையும் அதே. பகிர்வு வந்தபோது, "படகு அந்த ஆட்டம் ஆடுது, அவரு தலையணை வெச்சு தூங்குறாரே, அவ்ளோ அலுப்பு போல பாவம், ஊரெல்லாம் நடந்தவரு" என்றார். மாற்கு நான்காம் அதிகாரத்தில் அந்தத் தலையணை இருக்கிறது, எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். ஆண்டவருடைய உடம்பு வலியை நினைத்து எங்களில் யாரும் அதுவரை இரங்கியதில்லை. இங்கே யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது, அடுத்தவர் சொன்னதைத் திருத்தக்கூடாது என்று ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பாட்டி வாயே திறந்திருக்க மாட்டார்.

ஆறாவது படி, என்ன செய்யப் போகிறோம் என்பது. பங்கு நடப்பது இந்தப் படியில்தான் என்பேன். யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் ரெண்டு வாரமாக வரவில்லை, எந்த வீட்டில் புருஷன் பொண்டாட்டி பேசிக்கொள்வதில்லை, யார் போய்ப் பார்ப்பது. ஒரு அக்கா எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், பாத்திரம் எடுத்துக்கொண்டே, "பெரியவனுக்கு இன்னும் ஃபீஸ் கட்டல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே, கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் அவர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அந்தச் சபையின் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றிவரும். எல்லோரும் கையை மூடியபடி உள்ளே விட்டு எடுப்பார்கள். போட்டவர் யார், போட முடியாதவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. 1833-இல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை, சேலத்தில் ஒரு பையனின் பள்ளிக் கட்டணம் வரைக்கும் வந்து சேர்கிறது.

ஒரு விஷயத்தில் எங்கள் அன்பியம் கண்டிப்பாக இருக்கிறது. கூட்டம் முடிந்து சுண்டலும் டீயும்தான், வேறு எதுவும் கூடாது. ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் பிரியாணி என்று போனால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்கக் கூச்சப்படுவார். குறை என்று சொன்னால், ஆண்கள் வருவது குறைவு. வெள்ளி இரவு அவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். உங்கள் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒருவர் வந்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். தவக்காலத்தில் மட்டும் வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகளையும் அன்பியங்கள் பிரித்துக்கொண்டு நடத்தும். அன்று ஆண்களும் வந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அப்பாவின் சாவு. சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியூர், விடிந்துதான் வந்து சேர முடியும். ராத்திரி முழுக்க எங்களோடு இருந்தது அன்பியத்து ஆட்கள்தான். ஒருவர் சாமிக்கும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்கும் சொன்னார், துக்க மணி அடித்தது. ஒருவர் கல்லறைத் தோட்டத்து வேலையைப் பார்த்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு குழு களைத்தால் அடுத்த குழு எடுத்தது, விடியும்வரை நிற்கவில்லை. அம்மாவால் அழவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்பதை மட்டும் அவர்களோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு இந்துக் குடும்பம் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவர்களும் பூவோடு வருகிறார்கள்.

ஏற்காட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் கணவர் அடிக்கடி மேலே போக வேண்டியிருக்கும் என்று. மலையிலும் நம் சபை வேரூன்றி நாளாகிவிட்டது. க்ளூனி சூசையப்பர் சிஸ்டர்களின் திரு இருதயப் பள்ளி 1894-லும், காபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்போர்ட் பள்ளி 1917-லும் தொடங்கியவை. ஆனால் என் மனதுக்குப் பிடித்தது பெரிய பள்ளிகளை விட எஸ்டேட்டுகளின் சிற்றாலயங்கள். என் சித்தி ஒருத்தி காபி எஸ்டேட்டில் வாக்கப்பட்டவர். அங்கே சாமி எல்லா ஞாயிறும் வர முடியாது, ஒரு பங்குக்குக் கீழே பல இடங்கள். அவர் வராத ஞாயிறில், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வாசகம் வாசித்து வழிபாடு நடத்துவார். நவம்பர் தொடங்கினால் காபிப் பழம் பறிக்கும் காலம், ஜனவரி வரை ஓயாது. அதனால் கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் வாரங்களான திருவருகைக் காலமும் கிறிஸ்துமஸும் நல்ல வேலை நாட்களில் வந்து நிற்கும். பகலெல்லாம் செடிக்கு நடுவில் நின்றுவிட்டு, இருட்டிய பிறகு ஸ்வெட்டரும் மப்ளருமாக தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கேரல்ஸ் வருவார்கள். பனியில் ஆள் தெரியாது, மேளச் சத்தமும் டார்ச் வெளிச்சமும்தான் முதலில் வரும். டிசம்பரில் மேலே போனால் ஒரு இரவு தங்கிப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கிளம்பும்முன் உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதமும், நால்வருடைய திருமுழுக்குச் சான்றிதழும், உங்கள் திருமணச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவனுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) ஆகியிருந்தால் அதையும் குறித்து வாங்குங்கள், உறுதிபூசுதல் சடங்குக்குக் கேட்பார்கள். வீடு பிடித்ததும், அது எந்தப் பங்கு எல்லைக்குள் வருகிறது என்று விசாரியுங்கள். அரிசிபாளையத்தில் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது, பார்க்க வேண்டிய கோயில். ஆனால் பெரிய கோயில் என்பதற்காக அங்கேயே பதிய வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் பதியுங்கள். பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போடும்போதே "எங்க தெரு எந்த அன்பியம், பொறுப்பாளர் யாரு?" என்று கேட்டு அவர் நம்பரை வாங்கிவிடுங்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி. அது பள்ளி ஆண்டோடு சேர்ந்து ஜூனில் தொடங்கும், மே மாதமே வந்துவிட்டால் முதல் வகுப்பிலிருந்தே சேரலாம். சொல்லிக்கொடுப்பவர்கள் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிறு காலையைச் சம்பளம் இல்லாமல் தரும் இளம்பெண்கள், பையன்கள். சின்னவளுக்குப் பாட்டு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடகர் குழுவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி இருக்கும். முதல் வாரமே கொண்டுபோய் விடுங்கள். பையனைப் பூசையில் சாமிக்கு உதவும் பீடச் சிறுவர்களோடு சேர்த்துவிடுங்கள், அங்கே சேர்ந்த பிள்ளைக்கு ஊர் புதிது என்பதே ஒரு மாதத்தில் மறந்துவிடும். சூரமங்கலம் பக்கம் வீடு கிடைத்தால் எங்கள் அன்பியத்துக்கே வந்துவிடுங்கள்.