கதவைத் திறந்தது நான்தான், இனிக் கட்டளை செல்லாதா?

கேள்வி: கணவருக்கு எதிராக நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்கு வரவோ என்னுடன் தொடர்புகொள்ளவோ கூடாது என்பது உத்தரவு. கோயில் திருவிழா அன்று மகளுக்குச் சட்டை கொண்டுவந்து படலையில் நின்றார். பிள்ளை அழுததால் நானே திறந்துவிட்டேன். அன்றிலிருந்து இரவில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வருகின்றன. "நீயே உள்ளே விட்டாய், இனிக் கட்டளை செல்லாது" என்கிறார். பொலிசுக்குப் போனால் அவருடைய கட்டார் பயணம் கெட்டுவிடும் என்று மாமி அழுகிறார்.
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அன்புச் சகோதரி, கட்டளை செல்லும். அதைப் பிறப்பித்தது நீதிமன்றம். மாற்றவோ நீக்கவோ நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். நீங்கள் படலையைத் திறந்ததால் அது இல்லாமல் போய்விடாது. கீழ்ப்படிய வேண்டியவர் அவர். பிள்ளையின் கண்ணீருக்கு இரங்கியதற்காக நீங்கள் குற்றவாளியாகிவிடவில்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கட்டளையை மீறுவதே ஒரு குற்றம். அடித்தால்தான் குற்றம் என்றில்லை. நீதவான் முன் நிரூபிக்கப்பட்டால் ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இடைக்காலக் கட்டளையை மீறினாலும் இதே தண்டனைதான். வந்த இடத்தில் கை நீட்டினால், மிரட்டினால், அவை தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் தனிக் குற்றங்கள்.

இப்போது உங்கள் கையிலுள்ள கட்டளையை எடுத்து வரி வரியாக வாசியுங்கள். எதைத் தடுத்திருக்கிறது? வீடு மட்டுமா, வேலைத்தலமும் பிள்ளையின் பாடசாலையுமா? பிள்ளையைப் பார்ப்பது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? உறவினர் வழியாகச் சொல்லியனுப்புவது பற்றி? வழக்கு அந்தச் சொற்களில்தான் நிற்கும். நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். அதனால் "என் வளவுதானே, நான் விட்டால் வரலாம்" என்ற எண்ணம் இரு தரப்பிலும் இருக்கிறது. நுழைவுத் தடைக்கும் காணி உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை.

குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். பதில் அனுப்பவும் வேண்டாம். திகதியும் நேரமும் தெரியும்படி வேறொரு தொலைபேசியிலும் சேமியுங்கள். கட்டளையின் பிரதியுடன் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போங்கள். "குடும்பப் பிரச்சினை, சமாதானமாய்ப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் எழுந்து வராதீர்கள். நீதிமன்றக் கட்டளை மீறப்பட்டிருக்கிறது என்று சொல்லி, முறைப்பாட்டைப் பதிவுசெய்து இலக்கத்தை வாங்குங்கள். படலையைத் திறந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாளை அவருடைய சட்டத்தரணி அதை எடுத்து வீசுவதற்கு முன் உங்கள் வாயால் வந்திருப்பதே நல்லது. அவசரமென்றால் 119, ஆலோசனைக்குப் பெண்களுக்கான 1938. சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

மாமியின் கண்ணீர் எனக்கும் புரிகிறது. ஆனால் கட்டார் பயணத்தைக் காப்பாற்றும் வழி அவர் மகனிடமே இருக்கிறது: அந்தப் படலைக்கு வராமலிருப்பது. மகளைப் பார்க்க விரும்பினால், கட்டளையில் திருத்தம் கேட்டு அவரே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, கட்டளையின் காலம் 12 மாதங்களைத் தாண்டாது. முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.