நாலரை மணிக்கு ஓடும் பல்வரைசர்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நானும் என் மனைவியும் பதினோரு வருஷமாகப் பலகாரத் தொழில் செய்கிறோம். தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம், கைமுறுக்கு. ஆறு பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, மாவு அரைக்க ஒரு பல்வரைசரும் இரண்டு டில்டிங் கிரைண்டரும் போட்டிருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ரிட்டயராகி வந்து பக்கத்து வீட்டைப் புதுப்பித்துக் குடியேறியவர், சத்தம், அதிர்வு என்று சொல்லி முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். இடைக்காலத் தடை மனுவும் இருக்கிறது. இரண்டு தடவை வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டும் போனார். நாங்கள் வளர்வது அவருக்குப் பொறுக்கவில்லை. காலை நாலரைக்கு மிஷினைப் போட்டால்தான் எட்டு மணிக்குள் கடைகளுக்குச் சரக்கு போகும், பதினோரு வருஷமாக அப்படித்தான் உழைத்து முன்னுக்கு வந்திருக்கிறோம். முதலில் வந்தவர்கள் நாங்கள். மன உளைச்சலுக்கு அவர் மேல் எதிர்வழக்குப் போட முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அவர் முகம் கொடுத்துப் பேசாதது, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வராதது, கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க ரேடியோ செட் அலறியபோது வாயைத் திறக்காதவர் உங்கள் மிஷினுக்கு மட்டும் கோர்ட்டுக்குப் போனது, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எதுவும் வழக்கில் நிற்காது. பொறாமையில் போட்ட வழக்கு என்று நீங்கள் நிரூபித்தே விட்டாலும், சத்தம் வருகிறதா இல்லையா என்பதுதான் அடுத்த கேள்வி. எதிர்வழக்கை மறந்துவிடுங்கள். அதில் கோர்ட் ஸ்டாம்ப் செலவும் வக்கீல் பீஸும்தான் மிஞ்சும்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. காலை நாலரை மணி. உழைப்புக்கு அத்தாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வரி போதும், அவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ராத்திரி என்பது இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. நீங்கள் இருப்பது கடைத்தெரு அல்ல, வீடுகள் உள்ள தெரு. நாலரைக்கு ஓடும் பல்வரைசர் பக்கத்து வீட்டில் 45-க்குள் நிற்கும் என்று வாதாட எனக்குத் தைரியம் இல்லை. பகல் விஷயத்தில் நன்றாகவே சண்டை போடலாம். சிறு தொழில், ஆறு குடும்பத்தின் சோறு, சாதாரண அளவு சத்தம், இதையெல்லாம் நீதிபதி காது கொடுத்துக் கேட்பார். நாலரை மணி என்று வந்துவிட்டால் அதே நீதிபதி உங்கள் வக்கீலை நிமிர்ந்து பார்ப்பார், அவர் பைலைப் புரட்ட ஆரம்பிப்பார்.

'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்று வராத கட்சிக்காரர் கிடையாது. தொல்லை இருக்கும் இடத்துக்கு அவராகவே வந்து சேர்ந்தார் என்பது நம் கோர்ட்டுகளில் எதிர்வாதமே ஆகாது. 1879-ல் லண்டனில் நடந்த வழக்கு இது, சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது. பிரதிவாதி உங்களைப் போலவே தின்பண்டம் செய்பவர், 20 வருஷத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தவர். பக்கத்து டாக்டர் தன் தோட்டத்துக் கடைசியில், அந்த உரல்கள் இருந்த சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். அப்புறம் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார், ஜெயித்தார். 20 வருஷம் செய்துவந்ததால் அது என் உரிமையாகிவிட்டது என்றார் தின்பண்டக்காரர், சத்தம் எப்போது தொல்லையாக ஆனதோ அன்றிலிருந்துதான் அந்த 20 வருஷத்தை எண்ண வேண்டும் என்றது கோர்ட். நம் ஊர் ஈஸ்மெண்ட் சட்டத்திலும் அனுபவ உரிமைக்கு, அதாவது நெடுங்காலம் செய்துவந்ததாலேயே கிடைக்கும் உரிமைக்கு, 20 வருஷம் வேண்டும். உங்களிடம் இருப்பது பதினொன்று, அதிலும் அவருக்குத் தொல்லையானது கடைசி மூன்றுதான். திருவிழா ரேடியோ செட் வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 1978-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு மாவு மில் வழக்கு. ஏற்கெனவே சத்தமான இடமாகவே இருந்தாலும், ஒரு மிஷின் வந்து அதைக் கணிசமாகக் கூட்டினால் அது வழக்குப் போடத்தக்க தொல்லைதான் என்று சொன்னார்கள். மில்லுக்குத் தடை.

மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது வருகிறார், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 41-ன்படி சம்மதித்து இருந்தவருக்குத் தடை கிடையாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல பிரிவுதான். ஆனால் இரண்டு தடவை வாசலில் வந்து கத்தினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது எந்த ஊர்ச் சம்மதம்?

சரி, உங்களைப் போன்றவர்கள் விழும் இடத்துக்கு வருகிறேன். முதல் குழி பதிலுரை, அதாவது வழக்குக்கு நீங்கள் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் பதில். ரோஷத்தோடு வக்கீல் ஆபீசுக்குப் போய், 'பிரதிவாதிகள் கடந்த 11 ஆண்டுகளாகத் தினமும் அதிகாலை 4.30 முதல் இடைவிடாமல் தொழில் நடத்தி வருகின்றனர்' என்று பெருமையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பழமையைக் காட்டினால் பலம் என்று நினைப்பு. வாதி நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்த கதை அது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 12 ரூல் 6 என்று ஒன்று இருக்கிறது, ஒப்புதலை வைத்தே தீர்ப்புக் கேட்கலாம். அதற்காகப் பொய் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. பிராதில், அதாவது தன் வழக்கு மனுவில், அவர் நாலரை மணியைக் கட்டாயம் சொல்லியிருப்பார், மழுப்பினால் அதையும் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள். செய்ய வேண்டியது இது: இன்றைக்கே நேரத்தை மாற்றுங்கள். பிறகு, முன்பு அப்படி ஓடியது, இந்தத் தேதியிலிருந்து காலை 7 மணிக்கு முன் எந்த மிஷினும் ஓடுவதில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். அந்த ஒரு பத்தி வந்துவிட்டால் அவர் வழக்கில் பாதிக் காற்று இறங்கிவிடும்.

முடியாது என்பீர்கள். ஏன் முடியாது? தேன்குழலுக்கு முந்தின நாள் பகலிலேயே அரைத்துச் சலித்து வைத்தால் போதும். அதிரசத்துக்கு ஈர அரிசி அன்றன்று என்றாலும் பாகு போட்ட மாவு ஒரு நாள் இருந்தால் இன்னும் நன்றாகத்தான் வரும், என் வீட்டிலேயே அப்படித்தான். அடுப்பு வேலையை நாலரைக்கு ஆரம்பியுங்கள், எண்ணெய் காய்வதற்கு யாரும் தடை வாங்க முடியாது. அரைக்கிற வேலைதான் நகர வேண்டும்.

இரண்டாவது குழிதான் ஆழம். இடைக்காலத் தடை வந்துவிடுகிறது, முழுத் தடை கூட இல்லை, ராத்திரி 8 முதல் காலை 7 வரை ஓட்டக் கூடாது என்ற அளவில். ஒரு மாதம் ஒழுங்காக இருப்பார்கள். தீபாவளி வரும், ஐப்பசியில் கல்யாண ஆர்டரும் சேர்ந்து வரும், 'ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம்' என்று சுவிட்சைப் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு நாளுக்காகத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார். அப்புறம் தடையை மீறியதற்காக அதே நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39 ரூல் 2-ஏ-ல் ஒரு மனு. சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. வேலைக்காரப் பெண் தெரியாமல் போட்டுவிட்டாள் என்பது பதில் ஆகாது, மிஷின் உங்களுடையது. பின்னால் மூல வழக்கையே நீங்கள் ஜெயித்தாலும் மீறியது மீறியதுதான். ஜெயிக்க வேண்டிய வழக்கை இந்த ஒரு மணி நேரத்தில் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாதியிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன கண்டிஷனுக்கெல்லாம் தலையாட்டி, முதலிலேயே பேசியிருந்தால் கிடைத்திருக்கும் சமரசத்தில் பாதி கூடக் கிடைக்காமல் வெளியே வந்தார்கள்.

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரைப் போட்டால் இன்னொரு புத்திசாலித்தனம் நடக்கும். அவர் வரும் நாளில் பல்வரைசரை நிறுத்திவிட்டு ஒரு கிரைண்டரை மட்டும் ஓட்டிக் காட்டுவது. மாவு படிந்த பல்வரைசர் மூலையில் நின்றுகொண்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கமிஷனரின் தோளை ஒட்டியே நின்று அதைக் கை காட்டுவார். அறிக்கையில் 'ஆய்வின்போது முக்கிய இயந்திரம் இயக்கப்படவில்லை' என்று ஒரு வரி வந்துவிட்டால் நீங்கள் பின்னால் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் வழக்கம்போல ஓட்டுங்கள். செல்போன் ஆப்பில் நீங்கள் அளந்த டெசிபலை மட்டும் நீட்டாதீர்கள், அதைச் சான்றாக யாரும் மதிக்க மாட்டார்கள்.

அப்புறம் காகிதங்கள். கடிதத்தில் லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை, அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பஞ்சாயத்து லைசென்ஸ் இந்த வருஷத்துக்குப் புதுப்பித்ததா, மிஷின் நிறுவ அனுமதி வாங்கினீர்களா, கரண்ட் கனெக்‌ஷன் வீட்டு டேரிப்பில் இருக்கிறதா, வாங்கிய லோடுக்கு மேல் இழுக்கிறீர்களா என்று இன்று ராத்திரியே பாருங்கள். சத்தத்துக்காக வழக்குப் போடுகிறவர் சத்தத்தோடு நிற்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டு லைசென்ஸ் நகல் கேட்பார், இல்லை என்று பதில் வந்தால் அதையே கோர்ட்டில் முதல் ஆவணமாகக் குறிப்பார்.

இதைவிட எனக்குப் பயம் உங்கள் வாடகை ஒப்பந்தம். நம் பக்கத்து வீடுகள் முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும், பங்காளிகளும் அதே போல ஊர் ஊராக நீண்டு கிடப்பார்கள். சாவி கையில் இருக்கும் ஒருவர் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். மற்ற பங்குதாரர்கள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள், பின்கட்டில் மிஷின் ஓடுவதே தெரியாது. வழக்கு நீண்டால், வீட்டு உரிமையாளர்கள் எல்லோரையும் கட்சியாகச் சேர்க்க வேண்டும் என்று மனு வரும். சம்மன் கையில் கிடைத்த பங்குதாரர் உங்களுக்காகக் கோர்ட்டுக்கு வந்து நிற்பாரா? 'யாரைக் கேட்டு மிஷின் வைத்தாய்' என்று சாவி வைத்திருப்பவரைப் பிடிப்பார், அவர் அடுத்த மாதமே உங்களைக் காலி செய்யச் சொல்வார். சத்த வழக்கில் ஜெயித்து இடத்தை இழந்தால் என்ன பிரயோஜனம்?

அதனால் சமரசமாகப் போங்கள். தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம், பகல் நேரத்தை நிம்மதியாக வாங்கிக்கொள்கிறீர்கள். அவர் வழக்கும் அவ்வளவு பலமானதல்ல. பகலில் ஓடும் சிறு மிஷினுக்கு முழுத் தடை கிடைப்பது கஷ்டம், வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வருஷங்கள் ஓடும், அவர் வயதுக்கு அது பிடிக்காது. அவருடைய வக்கீலுக்கும் இது தெரியும். முதல் வாய்தாவுக்கு முன்பே உங்கள் வக்கீல் மூலம் பேச்சை ஆரம்பியுங்கள். நீங்களே போய் வாசலில் நிற்காதீர்கள்.

சமரசப் பத்திரத்திலும் ஒரு குழி உண்டு. 'வாதிக்கு எந்தவிதத் தொந்தரவும், சத்தமும் ஏற்படாமல் தொழில் நடத்துவோம்' என்று அவர்கள் தரப்பில் தட்டச்சு செய்துகொண்டு வருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் கிரைண்டர் மூடி கீழே விழும் சத்தம் கூட மீறலாகிவிடும். சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பதிவானால் அது டிக்ரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் செய்ய முடிந்ததை மட்டும், அளந்து எழுதுங்கள். எந்த மிஷின், எத்தனை குதிரைத்திறன், எந்த மூலையில், காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை. பல்வரைசரைப் பொதுச் சுவரிலிருந்து பின் தெருப் பக்கம் நகர்த்தி, தனி அடித்தளம் போட்டு, அடியில் ரப்பர் மவுண்ட் கொடுத்து, சுற்றிச் செங்கல் அறை கட்டுவதாகவும் அதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுதுங்கள். அந்தச் செலவு வழக்குச் செலவை விடக் குறைவாகத்தான் வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பதினைந்து நாள் மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் என்பதை இப்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு யாரும் தர மாட்டார்கள். புது மிஷின் வாங்க மாட்டோம் என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். பஞ்சாயத்துக்கும் மின்வாரியத்துக்கும் அவர் போட்ட மனுக்களை வாபஸ் வாங்குவார் என்ற வரி இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் கட்டணத்தைத் திங்கட்கிழமையே கட்டிவிடுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு முன் அந்த சுவிட்சில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று உங்கள் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.