கேள்வி பதில்: ரோமில் எங்கே உட்காரலாம்?

கே: ஜூன் மாதம் மகன் என்னை மூன்று நாள் ரோமுக்கு அழைத்துப்போகிறான். அவன் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் 22 இடங்கள். எனக்கு 64 வயது, முழங்கால் வலி வேறு. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
– வாசகி, கும்பகோணம்

ப: உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் வேனில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துவிட்டு வருகிறார்களே, அந்தக் கணக்கைத்தான் உங்கள் மகன் ரோமுக்குப் போட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா, பாதியை அடித்துவிடச் சொல்லுங்கள். பழைய ரோமின் தெருக்களில் தார் குறைவு, கைப்பிடி அளவுக் கருங்கற்களைப் பதித்திருப்பார்கள், ஒன்று தூக்கலாகவும் ஒன்று இறக்கமாகவும் இருக்கும், அரை நாள் நடந்தாலே கால் கெஞ்சும். பழகின ஷூ போதும், பயணத்துக்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

ஒரு நாளை நவோனா சதுக்கத்துக்கும், பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு நிமிட நடைதான். வழியில் சான் லூயிஜி என்ற பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்றும் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. பாந்தியனுக்குப் பின்பக்கம் வந்தால் சின்னதாக ஒரு கல் யானை, முதுகில் எகிப்தியத் தூணைச் சுமந்துகொண்டு நிற்கும். 1667-ல் வைத்தது, வடிவமைத்தவர் சிற்பி பெர்னினி. துதிக்கையைப் பின்னால் வளைத்துக்கொண்டு நிற்கிற தோரணையைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

உட்காருவதுதான் ரோமில் பெரிய பிரச்சினை. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை, 250 யூரோ வரை அபராதம் போடலாம். தேவாலயங்களுக்குள் போய்விடுங்கள். பெஞ்சு உண்டு, வெயில் கிடையாது, எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை, உங்களுக்குப் புடவையே போதும், அரைக்கால் சட்டையோடு வரப்போகிற மகனைத்தான் எச்சரிக்க வேண்டும்.

கே: பாந்தியன் கூரையில் பெரிய ஓட்டை இருக்கிறதாமே, மழை பெய்தால்?
– வாசகர், ஈரோடு

ப: மழை உள்ளே பெய்யும், அவ்வளவுதான். சுமார் 9 மீட்டர் அகல வட்டம், கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது. தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருப்பதால் தண்ணீர் தேங்காது, பளிங்கில் போட்ட சின்னச் சின்னத் துளைகள் வழியாக இறங்கிவிடும். மழை இல்லாத நாளில் அந்த ஓட்டை வழியே விழுகிற வெயில் ஒரு வட்டமாகச் சுவரில் நகர்ந்துகொண்டே போகும், பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் அது நகர்வது கண்ணுக்கே தெரியும். ஆனால் பத்து நிமிடம் நிற்கிறவர்கள் குறைவு, மேலே ஒரு போட்டோ, பின்னணியில் ஒரு செல்ஃபி, அடுத்த இடம்!

குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை உயரமும் அதேதான். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது, வெறும் ரோமானியக் கான்கிரீட். கீழே கனமான கல் கலந்து, மேலே போகப் போக லேசான கல்லாக மாற்றி, உச்சியில் தண்ணீரில் மிதக்கிற எரிமலை நுரைக்கல்லைப் போட்டிருக்கிறார்கள். கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் இதுதான் உலகிலேயே பெரியது.

முகப்பில் 'அக்ரிப்பா கட்டினார்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் கட்டியது எரிந்துபோய்விட்டது, நாம் பார்ப்பது கி.பி. 125 வாக்கில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் முடிந்தது. அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் பழைய பெயரையே வைத்தார். யாரோ கட்டிய பேருந்து நிலையத்துக்குத் தன் பெயரைச் சூட்டுகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். 609-ல் அதைத் தேவாலயமாக்கினார்கள், அதனால்தான் தப்பித்தது. பூட்டிக் கிடந்திருந்தால் கொலோசியத்துக்கு நடந்தது இதற்கும் நடந்திருக்கும். அங்கே சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கின்றன அல்லவா? கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்த இடங்கள் அவை.

கே: ரோமில் கங்கைக்குச் சிலை இருக்கிறதாம், அங்கே ஒரு காலத்தில் சிவன் கோயில் இருந்ததற்கு அதுவே சாட்சி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பியிருக்கிறார். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

ப: பாதி உண்மை. கங்கை இருக்கிறது, கோயில் கிடையாது. நவோனா சதுக்கத்தின் நடுவில் பெர்னினி 1651-ல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் நைல், டான்யூப், ரியோ தெ லா பிளாட்டா ஆகியவற்றோடு கங்கையும் உட்கார்ந்திருக்கிறது. கண்டத்துக்கு ஒரு நதி என்று பத்தாம் இன்னொசென்ட் என்ற போப்பாண்டவர் செய்யச் சொன்னது. மாமாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: அந்தக் கங்கைக்குத் தாடி இருக்கிறது. கையில் நீளமான துடுப்பு. ரோமானிய வழக்கில் நதி என்றால் ஆண் தெய்வம், கங்கை நமக்குத் தாய் என்பது சிற்பிகளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நைல் முகத்தைத் துணியால் மூடியிருக்கும், அது எங்கே பிறக்கிறது என்று அன்றைக்கு ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது.

எதிரே போரோமினி கட்டிய தேவாலயம் இடிந்து விழுந்துவிடுமோ என்று பிளாட்டா கையைத் தூக்கித் தடுக்கிறது, போட்டிக் கட்டடக் கலைஞரைப் பெர்னினி அப்படிக் கிண்டல் செய்தார் என்று கைடுகள் ஒரு கதை விடுவார்கள். நல்ல கதைதான், ஆனால் நீரூற்று முடிந்த பிறகுதான் அந்தத் தேவாலய வேலையே தொடங்கியது.

அந்தச் சதுக்கம் ஏன் சதுரமாக இல்லை என்று கவனித்தீர்களா? டொமிஷியன் பேரரசர் கட்டிய ஓட்டப்பந்தய மைதானம் அது. ஜனங்கள் உட்கார்ந்து பார்த்த படிவரிசைகளின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள், ஓடிய இடம் திறந்தவெளியாகவே நின்றுவிட்டது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வளைந்த மைதானம் அப்படியே தெரியும்.

கே: செலவு கையைக் கடிக்குமா?
– வாசகி, ஓசூர்

ப: எங்கே காப்பி குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒன்றேகால், ஒன்றரை யூரோ. அதே காப்பியைச் சதுக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுக்கும் கடை ஒன்றில் நான் உட்கார்ந்து குடித்தபோது 7 யூரோ பில் வந்தது, விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்தது என் தப்பு. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு 'நசோனே' என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கின்றன, 'பெரிய மூக்கு' என்று அர்த்தம், ராப்பகலாக ஓடும், நல்ல குடிநீர். அதிகம் குனிய வேண்டியதில்லை, மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வாயைக் காட்டினால் போதும்.

கே: சுத்த சைவம் நாங்கள். ரோமில் பட்டினியா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: பட்டினி இல்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பழக வேண்டும். 'காச்சோ எ பேப்பே' என்று ரோமின் சொந்தப் பண்டம் ஒன்று உண்டு, பாஸ்தா, பெக்கொரினோ சீஸ், பொடித்த மிளகு, வேறொன்றுமில்லை. பார்த்தால் சைவம். ஆனால் பெக்கொரினோ ரொமானோவைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். மனசுக்கு ஒப்பாவிட்டால் சீஸ் இல்லாத மரினாரா பீட்சா இருக்கிறது, தக்காளி, பூண்டு, எண்ணெய்.

அந்த மிளகு இன்றைக்கு எங்கிருந்து வருகிறதோ, அன்றைக்கு நம் பக்கத்திலிருந்துதான் போனது. சேர நாட்டு முசிறித் துறையில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூற்றில் வருகிறதே, அந்தக் கறி மிளகுதான். அப்படிப் போன சரக்கை வைக்க பழைய நகரின் மையமான ரோமன் ஃபோரத்திலேயே மிளகுக் கிடங்குகள் இருந்தன, அவையும் அதே டொமிஷியன் காலத்தவை. பின்னாளில் அதன் மேல்தான் மக்சென்டியஸ் பேரரசரின் பிரம்மாண்ட மண்டபம் எழுந்தது. ஃபோரம் போனால் அந்த மூன்று பெரிய வளைவுகளுக்கு முன்னால் நின்று காலுக்குக் கீழே ஒரு தடவை பாருங்கள்.