720720 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

720720ஐ 1 முதல் 16 வரையுள்ள எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். அப்படி வகுபடும் எண்களில் மிகச் சிறியது இதுதான். பாடசாலைக் கணக்கில் சொன்னால், 1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது).

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் 720 கிலோ 720 கிராம் கொழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். பதினொரு பேர் வந்தாலும் பதின்மூன்று பேர் வந்தாலும் முழுக் கிராமாகவே சமமாகப் பிரித்துவிடலாம். பதினேழு பேர் என்றால்தான் சிக்கல்: தலைக்கு 42395 கிராம் போக 5 கிராம் மிஞ்சும்.

காரணம் அதன் முதன்மைக் காரணிகளில் இருக்கிறது: 16 × 9 × 5 × 7 × 11 × 13. இங்கே 9 என்பது 3 × 3, 16 என்பது நான்கு 2கள். பலர் சறுக்குவது 1 முதல் 16 வரை எல்லாவற்றையும் பெருக்கிவிடுவதில். 14 இலக்கத்தில் ஒரு பூதம் வந்து நிற்கும். அவ்வளவு தேவையில்லை. 16 உள்ளே இருந்தால் 2, 4, 8 தாமாகவே வந்துவிடும். 12க்கு வேண்டிய 4 அந்த 16இலிருந்தும், 3 அந்த 9இலிருந்தும் கிடைக்கும்.

மொத்தக் காரணிகளை எண்ண, ஒவ்வொரு முதன்மைக் காரணியின் அடுக்கோடும் (அது எத்தனை முறை வருகிறது என்பதோடும்) 1 கூட்டிப் பெருக்குங்கள். 2இன் அடுக்கு 4, 3இன் அடுக்கு 2, மற்ற நான்குக்கும் 1. ஆக 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் 2529072. எண்ணைவிடக் கூடுவதால் இது மிகையெண்.

எண் பெரிதானால் காரணிகளும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்: 999983 இதைவிடப் பெரியது, ஆனால் முதன்மை எண், காரணிகள் இரண்டே இரண்டு.