நகரத்தின் பெருந்திட்டம் சட்டமா, வெறும் காகிதமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாகக் குடிவந்தவர். மாநகராட்சி ஐந்து வருடத் திட்டம் என்று ஒரு தடித்த புத்தகம் போடுகிறதே, அது எதற்கு, அதற்குச் சட்ட பலம் உண்டா, பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்புவதை அது தடுக்குமா என்பது அவருடைய கேள்வி.

நான் சட்டம் படித்தவள் இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வார்டு கமிட்டியில் ஒரு தவணை முழுக்க இருந்தேன், அப்போது இந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். திட்டம் மாநகராட்சியின் கையைக் கட்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையைக் கட்டுவது திட்டம் இல்லை, 'ஸ்கீம்', அதாவது எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற விதித்தொகுப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து, வாயடைத்துப் போய் வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

முதலில் எதற்கு என்று பார்ப்போம். என் ஆயாவும் தாத்தாவும் டவுனுக்குப் பக்கத்தில் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார்கள். 1950-ஆம் வருடத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, இந்தப் பகுதி இன்ன இனத்துக்கு என்று வரைபடத்தில் கோடு போட்டது. அந்தக் கோட்டால் தோட்டம் போனது, 1960-களில் சாட்ஸ்வர்த்தில் எண் போட்ட யூனிட் ஒன்றில் வீடு கிடைத்தது. வேலைக்குப் போக டவுனுக்கு நெடுந்தூரம் பஸ். எங்களுக்கும், கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய உம்லாசிக்கும் நடுவே ஆறு. அந்த ஆற்றை இனங்களைப் பிரிக்கும் எல்லையாக வைத்தே எங்கள் ஊரை வரைந்தார்கள். அதுவும் ஒரு நகரத் திட்டம்தான். ஆயாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சட்டம் 1991-இல் ஒழிந்தது. ஆனால் சட்டத்தை நீக்கினால் ரோடும் வீடும் இடம் மாறிவிடுமா? இன்றைக்கும் வேலை ஒரு பக்கம், வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வதுதான் இப்போதைய திட்டத்தின் முதல் வேலை. 2013-இன் 16-ஆம் சட்டம், அதாவது நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டம், நாங்கள் 'ஸ்ப்ளூமா' என்போம், நிலம் சம்பந்தமான எல்லா முடிவுக்கும் ஐந்து கொள்கைகளை வைக்கிறது. அதில் முதலாவது இடஞ்சார்ந்த நீதி, அதாவது பழைய அநியாயத்தை நிலத்திலேயே திருத்துவது.

சரி, சட்ட அடிப்படை. வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. 156-ஆவது பிரிவும் நான்காவது அட்டவணையின் 'பி' பகுதியும் நகரத் திட்டமிடலை மாநகராட்சியின் அதிகாரமாகவே வைத்திருக்கின்றன. மாகாணத் தீர்ப்பாயங்கள் ஊர் நிலத்தைப் பற்றி நேரடியாக முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2010-இல் ஜோஹனஸ்பர்க் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில், அது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்கு மேல் வருவது 2000-இன் 32-ஆம் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளுக்கானது. தேர்தலில் வரும் ஒவ்வொரு மன்றமும் தன் பதவிக்காலத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை நிறைவேற்றியாக வேண்டும், வருடாவருடம் திருப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன தடித்த புத்தகம் அதுதான், ஐ.டி.பி. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்தச் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் இருக்கிறது. திட்டம் மாநகராட்சியின் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். மற்றவர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய உரிமையையோ கடமையையோ தொடும் பகுதிகள் துணைவிதியாக, அதாவது மாநகராட்சியே போடும் சட்டமாக, நிறைவேறியிருந்தால்தான் கட்டுப்படுத்தும். பட்ஜெட் போடும்போதும் இந்தத் திட்டத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று 2003-இன் நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிறது. உங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் புத்தகத்தில் இல்லையென்றால், பட்ஜெட்டில் அதைத் தேடுவது வீண்.

அந்தப் புத்தகத்தின் ஓர் அங்கம் வரைபடத்தோடு வரும், இடஞ்சார்ந்த வளர்ச்சிக் கட்டமைப்பு, சுருக்கமாக எஸ்.டி.எஃப். என்பார்கள். ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்தப் பக்கம் வளரவே கூடாது என்று அடுத்த 10 முதல் 20 வருடம் வரை பார்ப்பது. நில விண்ணப்பங்களை முடிவு செய்யும் தீர்ப்பாயம் இதற்கு முரணாக முடிவெடுக்கக் கூடாது. அந்த மனைக்கே உரிய தனிச் சூழ்நிலை இருந்தால் மட்டும் விலகலாம்.

அப்புறம் ஸ்கீம். உங்கள் மனை எந்த மண்டலம், எத்தனை மாடி, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் எல்லாம் இதில்தான். ஸ்ப்ளூமாவின் 26-ஆவது பிரிவு இதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுக்கிறது. நில உரிமையாளர், குடியிருப்பவர், ஏன், மாநகராட்சியும் அரசுத் துறைகளும்கூடக் கட்டுப்பட்டவர்களே. ஆகவே பக்கத்து மனையின் மண்டலம் நான்கு மாடியை ஏற்கெனவே அனுமதிக்கிறதென்றால், ஐ.டி.பி.யைக் காட்டி நிறுத்த முடியாது. மண்டலத்தை மாற்றச் சொல்லி அவர் விண்ணப்பித்தால் கதை வேறு. அங்கேதான் எஸ்.டி.எஃப். உங்கள் கைக்கு வருகிறது.

எங்கள் பக்கம் அப்படி ஒன்று நடந்தது. பள்ளத்தாக்குச் சரிவில் ஒருவர் தொகுப்பு வீடுகள் கட்ட மண்டல மாற்றம் கேட்டார். எதிர்த்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி "வண்டி நெரிசல் அதிகமாகும்", "எங்கள் வீட்டு விலை இறங்கும்" என்று இருந்தன. அவை எடுபடவில்லை. எடுபட்டது ஒரே கடிதம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு அக்கா எழுதியது. அந்தச் சரிவு நகரத்தின் திறந்தவெளி வலையமைப்புக்குள், 'டீமாஸ்' என்கிறோமே அதற்குள், வருகிறது என்று வரைபடத்தின் பக்க எண்ணோடு எழுதியிருந்தார். கடைசியில் வீடுகளைச் சரிவிலிருந்து மேலே தள்ளிக் கட்டச் சொன்னார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நிறைய இடங்களில் சரிவு மண் வீடுகளோடு இறங்கியது. அந்த வாரம் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். திட்டமிடல் அலுவலகத்தில் பக்கத்து மனையின் மண்டலத்தைக் கேளுங்கள். மாற்ற விண்ணப்பம் வந்திருந்தால், அறிவிப்பில் போட்ட கடைசி நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். எஸ்.டி.எஃப். பக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முடிவு பாதகமாக வந்தால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட 21 நாளுக்குள் நகர மேலாளருக்கு மேல்முறையீடு போகலாம்.

இன்னொன்று, எஸ்.டி.எஃப். வரைவு வெளியானால் மக்கள் கருத்துக்கு 60 நாள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கடைசியாக எங்கள் ஹாலில் நடந்த கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தோம். அடுத்ததற்கு நீங்களும் வாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.