ஏலத்தில் குலை எடுத்த கை

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை தவறாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் குறையாது, வீட்டில் ராத்திரி ஜெபமும் உண்டு. சபைக்குக் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், போன தடவை ஒரு ஏத்தன் வாழைக்குலையை 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "அம்மைக்க மருந்துக்குத் தம்பி கேட்டப்ப கையில பைசா இல்லன்னு சொன்னியளே, இது எங்க இருந்து வந்துச்சு?"

அம்மா தம்பி வீட்டில் இருக்கிறார். மருந்தும் பரிசோதனையுமாக மாதம் 3,200 ரூபாய் ஆகிறது. 14 மாதமாக நான் ஒன்றும் கொடுக்கவில்லை. குடும்ப வீடு தம்பிக்குத்தானே போனது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் நான் இப்படித்தான். நெய்மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. காலையில் குளியலறை முதலில் எனக்கு. டிவி, கார், ஞாயிறு மத்தியான உறக்கம் எல்லாம் என் வசதிப்படிதான். அழுது ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய ஆள்தான். நான் என்ன செய்ய?

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவி கேட்ட கேள்வி வேதாகமத்தில் மாற்கு 7ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். காணிக்கையை அவர் குறை சொல்லவில்லை. அதைச் சாக்குப்போக்காகச் சொல்வதைத்தான் கண்டித்தார். உங்களுக்குக் கொடுக்கத் தெரியும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் தாராளமாகவே வருகிறது. யாரும் கைதட்டாத இடத்தில்தான் கை மடங்கிக்கொள்கிறது.

உபவாசம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. "இனி சுயநலமாக இருக்க மாட்டேன்" என்பது மிகப் பொதுவான தீர்மானம். கடை அடைத்துப் பசியோடு வந்து உட்காரும்போது தட்டில் நடுத்துண்டு இருக்கிறது. வருஷக்கணக்கான பழக்கத்தில் கை தானாக நீளும். அந்த நொடியில் தீர்மானம் நினைவுக்கே வராது. அதனால் நேரமும் செயலும் சேர்த்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்: "மீன்சட்டியைத் திறந்ததும் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறவன் நான், எனக்குக் கடைசியில்." இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று வகுத்துக்கொள்வது வெறும் மனஉறுதியைவிட நன்றாகப் பலன் தருவதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று. "நான் மோசமானவன்" என்று அழுவது வேறு, "இன்னதைச் செய்தேன்" என்று சொல்வது வேறு. முதலாவதில் கண் உங்கள் மீதே நிற்கிறது. அதுவும் ஒருவகைச் சுயநலம்தான், கொஞ்சம் பக்தி பூசியது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயு தொகை சொன்னான்: ஆஸ்தியில் பாதி, ஏமாற்றியது நாலு மடங்கு. நீங்களும் தொகையில் தொடங்குங்கள்.

3,200இல் உங்கள் பாதி 1,600. 14 மாதத்துக்கு 22,400. ஒரே தடவையில் முடிந்தால் நல்லது. இல்லையென்றால் நடப்பு மாதத்துக்கு 1,600, பாக்கிக்கு 1,600 என்று மாதம் 3,200 அனுப்புங்கள். 14 மாதத்தில் தீரும். நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் பிடியரிசி ஒதுக்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். அரிசி உலைக்குப் போகுமுன் ஒரு பிடி தனிக் கலத்துக்குப் போய்விடும். வடித்து, எல்லாரும் உண்டு, மிஞ்சினதில் எடுப்பதல்ல. அதுபோல மாதம் 1ஆம் தேதியே, ஷீட் கணக்கு பார்க்குமுன் அனுப்பிவிடுங்கள். 20ஆம் தேதிக்குத் தள்ளினால் அந்தப் பணத்துக்கு நூறு காரணம் முளைக்கும். வீட்டுப் பங்குப் பேச்சு தனி. அதில் நியாயமும் இருக்கலாம். பத்திரத்தை வைத்துப் பேசித் தீருங்கள். அம்மாவின் மாத்திரையோடு அதைக் கட்டாதீர்கள்.

பணத்தைவிடக் கடினமானது நேரம். வாரத்தில் ஒரு ராத்திரி அம்மாவுடன் நீங்கள் தங்குங்கள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி மனைவி அன்று நிம்மதியாக உறங்கட்டும். இங்கேதான் பல ஆண்கள் வழுக்குகிறார்கள்: பொருத்தனை, அதாவது நேர்ந்துகொள்வது கணவன், போய்ப் பார்க்கிறது மனைவி. தியாகம் உங்களுடையது என்றால் பாயும் தலையணையும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ராத்திரி ஜெபத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் "இன்று உனக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டதை மட்டும் சொல்லி ஜெபியுங்கள். "ஆண்டவரே, இவன் போனை வைத்துவிட்டுப் படிக்கப் புத்தி தாரும்" என்பது ஜெபமல்ல, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற ஏச்சு. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டு மூன்று வாரத்தில் சில சங்கடங்கள் வரும். வீட்டில் யாரும் பாராட்ட மாட்டார்கள், "இதுவும் எத்தனை நாளைக்கு?" என்றுகூட மனைவி கேட்பார். கோபம் வரும். நல்லது செய்ததற்கு உள்ளுக்குள் பில் போட்டு வைத்திருந்தீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது ஒருவருக்கும் தெரியாத ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து தண்ணீர்த் தொட்டி நிரப்புவது போல. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்பது இதற்கான பயிற்சிதான். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். தண்டனையாக இன்னொரு உபவாசம் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் தொடங்காதீர்கள். பிலிப்பியர் 2:4 "பிறருக்கானவைகளையும்" என்கிறது; அந்த "உம்" முக்கியம், பிறருக்கானவை மட்டும் என்று இல்லை. உறக்கத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எரிச்சல்தான் மிஞ்சும். சின்ன ஆசைகூடப் பாவமோ என்று நாள் முழுக்க மனம் உறுத்தினாலோ, உறக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, போதகரோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

ஏலம் அடுத்த அறுப்பின் பண்டிகையிலும் வரும், எடுங்கள். ஆனால் அதற்கு முன் தம்பியைப் போய்ப் பாருங்கள். "14 மாதம் நான் தரவில்லை. அது தப்பு. பாக்கியை இப்படித் தருகிறேன்" என்று சொன்னால் போதும். "ஆனாலும் வீடு உனக்குத்தானே" என்ற வால் வேண்டாம். முதல் தவணை முந்தின நாளே அவர் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கட்டும். அன்றைக்குப் பழக்குலையும் பலகாரப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வெறுங்கையோடு போங்கள்.